பூச்சும் பொறுப்பும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அண்டங்களைப் படைத்து, அவற்றுக்கு அழகையும் அளவையும் அமைத்த வல்ல அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

இம்மாத உபதேசத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் சிலர் புன்னகை செய்யலாம். நகப்பூச்சு, தலைச்சாயம், முகக் களிம்பு ஆகியவற்றை நம் பெண்மக்கள் வீட்டிலேயே பூசிப் பார்ப்பதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். இது பெண்கள் சமாசாரமாயிற்றே, வியாபாரிகளுக்கு இதில் என்ன உபதேசம் என்று கேட்பவர் இருக்கலாம்.

காரணங்கள் இரண்டு உண்டு. முதலாவது, நகத்திலும் தலையிலும் பூசப்படுவது ஒளுவையும் கடமையான குளிப்பையும் தொடுகிறது. ஆகவே தொழுகையைத் தொடுகிறது. வீட்டாரின் தொழுகையைப் பற்றிக் குடும்பத் தலைவன் நாளை மஹ்ஷரில் விசாரிக்கப்படுவான். இரண்டாவது, அந்தப் புட்டிகளும் டப்பிகளும் வானத்திலிருந்து விழுவன அல்ல. பினாங்கு சூலியா தெருவிலும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலும், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும், சிற்றூர்களின் சந்தை மூலைகளிலும் உள்ள நம் கடைத் தட்டுகளிலிருந்து அவை வீடுகளுக்குப் போகின்றன. பூசுகிறவர் ஒருவர், விற்கிறவர் நாம். பூச்சு அவருடையது, பொறுப்பு இருவருடையது.

அழகு குற்றமா?

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிடுவோம். இஸ்லாம் அலங்காரத்துக்குப் பகையன்று. திருமறையின் அஃராப் அத்தியாயம் 31, 32ஆம் வசனங்களில், தொழுமிடம்தோறும் உங்கள் அலங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆதமின் மக்களுக்குக் கட்டளையிட்ட இறைவன், தன் அடியார்களுக்காகத் தானே வெளிப்படுத்திய அலங்காரத்தை ஹராமாக்கியவர் யார் என்றும் வினவுகிறான். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்னும் கருத்துடைய நபிமொழியை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். மனைவி தமக்காக அலங்கரித்துக் கொள்வதைத் தாம் விரும்புவது போலவே, மனைவிக்காகத் தாமும் அலங்கரித்துக்கொள்ள விரும்புவதாக ஹஸ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னதாகவும் விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மனைவி மட்டும் மணக்க வேண்டும், தான் மட்டும் மசாலாவும் வியர்வையுமாய் வீடு திரும்பலாம் என்று எண்ணுகிற கணவன்மார் இதைச் சற்று ஊன்றிக் கவனிப்பது நலம்.

ஆகவே மகள் ஒருத்தி, மாலையில் வாசற்கதவைச் சாத்திவிட்டுத் தன் அறையில் அமர்ந்து, கைத்தொலைபேசிப் படத்தைப் பார்த்தபடி நகத்துக்குச் சிவப்புப் பூசிப் பார்ப்பதைக் கண்டு, ஏதோ பெரும் பாவம் நிகழ்ந்துவிட்டதாகக் கூச்சல் போடத் தேவையில்லை. அந்நியர் கண் படாத வீட்டினுள், தாயும் சகோதரிகளும் கணவனும் காணச் செய்யும் அலங்காரத்துக்கு இடமுண்டு. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அது தண்ணீரைத் தடுக்கிறதா? உடலைக் கெடுக்கிறதா? நஜீஸ் கலந்திருக்கிறதா? அல்லாஹ் கொடுத்த உருவத்தின் மேல் வெறுப்பை வளர்க்கிறதா? இந்நான்கு கேள்விகளையும் ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

தண்ணீர் கேட்கும் கேள்வி

மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் ஒளுவின் உறுப்புகளை வகுத்துக் கூறுகிறது. கைகளை முழங்கைவரை கழுவ வேண்டும். நகம் கையைச் சேர்ந்தது. ஒருமுறை ஒருவர் ஒளுச் செய்தபோது அவருடைய பாதத்தில் ஒரு நக அளவு இடம் நனையாமல் விடுபட்டது. அதைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், திரும்பிப் போய் ஒளுவைச் செம்மையாகச் செய்துவருமாறு அவரைப் பணித்தார்கள் என்று ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் கிரந்தத்தில் வந்திருக்கிறது. நக அளவு இடம் விட்டதற்கே திரும்பிப் போகச் சொன்னார்கள் என்றால், பத்து நகங்களும் மூடிக் கிடந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

நகப்பூச்சு, அதாவது நம் வீடுகளில் கியூட்டெக்ஸ் என்று பொதுவாய் வழங்கும் பொருள், வெறும் நிறம் அன்று. நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பிசினை எதில் அசிடேட், பியூட்டில் அசிடேட் போன்ற திரவங்களில் கரைத்து வைத்திருக்கிறார்கள். பூசியதும் திரவம் ஆவியாகப் பறந்துவிடும். பிசின் மட்டும் படலமாக நகத்தில் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் வண்டிக்கு அடித்த பழைய மெருகு வர்ணத்திலும் இதே பிசின்தான் இருந்தது. மழை வண்டித் தகட்டைத் தொடாதபடி காத்தது எதுவோ, அதுவே ஒளுத் தண்ணீர் நகத்தைத் தொடாதபடியும் தடுக்கிறது. மருதாணியோ அப்படியன்று. அது நகத்திலும் தோலிலும் ஊறிச் சாயமாய் நிற்கிறது. காய்ந்த விழுதைக் கழுவியபின் மேலே படலம் ஏதுமில்லை. அதனால்தான் மருதாணிக் கையோடு ஒளுக் கூடுகிறது. பூச்சு நகத்தோடு கூடுவதில்லை. நம்மில் ஷாபிஈகளும் உண்டு, ஹனபிகளும் உண்டு. தண்ணீரைத் தடுக்கும் படலத்தை அகற்ற வேண்டும் என்பதில் இரு சாராருக்கும் பேதமில்லை.

ஒளுச் செய்த பிறகு பூசிக்கொண்டால் என்ன என்று பெண்மக்கள் கேட்பார்கள். அந்த ஒளு இருக்கும்வரை அதைக்கொண்டு தொழலாம். ஒளு முறிந்துவிட்டால் மீண்டும் பூச்சை அகற்றியே ஆக வேண்டும். காலுறையின் மேல் மஸ்ஹு செய்வதைப் போல நகப்பூச்சின் மேல் மஸ்ஹு என்று ஒன்றில்லை. தொழுகை விலக்களிக்கப்பட்ட நாள்களில் பூசிக்கொண்டால், கடமையான குளிப்புக்கு முன் ஒரு துளியும் மிஞ்சாமல் எடுத்துவிட வேண்டும். குளிப்பே கூடாமற்போனால் அதன் பின்னுள்ள தொழுகைகள் என்னாவது? மையித்துக் குளிப்பாட்டும் சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள். மௌத்தாகிப்போன இளம்பெண்ணின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, பஞ்சில் மருந்தை நனைத்து, ஒவ்வொரு நகமாய்ச் சுரண்டும் கடமை சிலவேளை அவர்கள் மேல் வந்து விழுகிறது.

தண்ணீர் ஊடுருவும் நகப்பூச்சு என்று இப்போது சில புட்டிகள் கடைக்கு வருகின்றன. அட்டையில் பிறைச் சின்னமும் இருக்கும். சகோதரர்களே, காற்றோ ஈர ஆவியோ ஊடுருவுவது வேறு. ஒளுத் தண்ணீர் நகத்தின் மேனியை அடைவது வேறு. ஒருமுறைக்கு இருமுறை பூசினால் படலம் தடிக்கும். தடித்தால் தயாரிப்பாளர் சொன்ன கணக்கும் மாறும். தொழுகை சந்தேகத்தின் மேல் கட்டப்படலாகாது. ஒளுவுக்கு முன் கழற்றிவிடுவதே பேணுதல். விரலால் உரித்தெடுக்கும் பூச்சுகளும் வந்திருக்கின்றன. ஆசைப்படும் மகளுக்கு அதை வாங்கிக் கொடுத்து, பாங்கு சொன்னதும் உரித்துவிடும்மா என்று சொல்வது, புட்டியைப் பிடுங்கிக் குப்பையில் எறிவதைவிடப் பயன் தரும்.

ஜெல் பூச்சு என்பது இன்னொரு வகை. விளக்கொளியில் காட்டி இறுகச் செய்வது, வாரக்கணக்கில் நிற்பது. அதைப் பூசிக்கொண்டு ஐவேளை ஒளு என்பது நடவாத காரியம். மேலும், வீட்டில் பழக்கமில்லாத கையால் பூசும்போது, இறுகாத பசை நகத்தைச் சுற்றியுள்ள தோலில் பட்டால் அக்ரிலேட் என்னும் பொருளுக்கு ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை உண்டான அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள்வரை விடுவதில்லை. பிற்காலத்தில் பல்லை அடைக்கும் பசைகூட ஒத்துக்கொள்ளாமற்போகலாம். இந்த ஜெல்லில் சேர்த்துவந்த டிபிஓ என்னும் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடுத்துவிட்டது. பூச்சை நீக்கும் அசிட்டோனும் எளிதில் தீப்பற்றுவது. அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் அடுப்புக்கருகே அதைத் திறக்கலாகாது என்பதையும் வாங்குகிறவருக்கு நாம் ஒரு வார்த்தை சொல்லலாம்.

நரையும் சாயமும்

பெண்மக்களைப் பற்றிப் பேசும்போது தலையாட்டிய பெருமக்கள் இப்போது தம் தாடியைச் சற்றுத் தடவிப் பார்ப்பார்களாக! கறுப்புத் தூள் பொட்டலத்தைக் கிண்ணத்தில் கரைத்து, பழைய பல் துலக்கும் தூரிகையால் கண்ணாடி முன் நின்று பூசிக்கொள்வதில் ஆண்கள் பெண்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

நரைக்குச் சாயமிடுவது ஆகுமானதே. யூதரும் கிறிஸ்தவரும் சாயமிடுவதில்லை, நீங்கள் அவர்களுக்கு மாறு செய்யுங்கள் என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் உண்டு. மக்கா வெற்றியின் நாளில் ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களுடைய வயது முதிர்ந்த தந்தை அபூகுஹாஃபா அவர்களைக் கொண்டுவந்தபோது, அவர்களுடைய தலையும் தாடியும் வெள்ளைப் பூப்போல் நரைத்திருந்தன. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், ஏதேனும் ஒன்றால் நரையை மாற்றுங்கள், ஆனால் கறுப்பைத் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்று பணித்தார்கள். மருதாணியும் கதம் என்னும் இலையும் நரையை மாற்றச் சிறந்தவை என்றும் கூறினார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஷாபிஈ மத்ஹபில் தனிக் கறுப்பை ஹராம் என்றே வலுவாய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஹனபி மத்ஹபில் பெரும்பாலோர் மக்ரூஹ் என்பர். வயதை மறைத்து மணம் பேசவோ பிறரை ஏமாற்றவோ கறுப்பிடுவது எவ்வகையிலும் நன்றன்று.

இனி உடல் நலத்தின் பக்கம் வருவோம். நிலைத்து நிற்கும் கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் பாரா பினைலீன் டையமின் என்னும் பொருள் உண்டு. பிபிடி என்று சுருக்கிச் சொல்வர். இது பலருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கோ தலை வீங்கி, கண் மூடி, நீர் வடிந்து, மருத்துவமனைக்குப் போகும்படி ஆகிவிடும். அமெரிக்காவின் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006ஆம் ஆண்டின் முதன்மை ஒவ்வாமைப் பொருளாக இதையே அறிவித்தது. பத்து முறை ஒத்துக்கொண்டது பதினோராம் முறை ஒத்துக்கொள்ளாமற்போவதும் உண்டு. ஆகையால்தான் பெட்டிக்குள் இருக்கும் தாளில், பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பாக முழங்கையின் உட்புறத்திலோ காதின் பின்புறத்திலோ சிறிது தடவிப் பாருங்கள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். நம்மில் அந்தத் தாளை விரித்துப் படித்தவர் எத்தனை பேர்? நாளைக்குக் கல்யாணம், இன்றைக்குச் சாயம் என்று அவசரப்படுகிறவருக்கு 48 மணி நேரம் எங்கே கிடைக்கும்?

இந்தச் சாயத்தை இமைக்கும் புருவத்துக்கும் இடவே கூடாது. அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டு இப்பொருள் கலந்த இமைச்சாயத்தால் பெண்கள் கண் பார்வையை இழந்தார்கள். 1938இல் அந்நாடு அழகுப் பொருள்களையும் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்ததற்கு அந்தப் பெண்களின் கண்களும் ஒரு காரணம்.

மருதாணி என்றாலே பயமில்லை என்றும் இருந்துவிடக் கூடாது. மருதாணி இலையின் சாயம் இளஞ்சிவப்பிலிருந்து செம்பழுப்பு வரைதான் போகும். அது ஊறவும் மணிக்கணக்காகும். அரை மணியில் கன்னங்கறுப்பாய்ப் பிடிக்கிறது என்று ஒரு கூம்பு விற்பனைக்கு வந்தால், அதில் பெரும்பாலும் அதே பிபிடி கலந்திருக்கும் என்று அறிந்துகொள்க. பெருநாளைக்குக் கறுப்பு மருதாணி இட்டுக் கை கொப்புளித்த சிறுமி, வளர்ந்த பின் தலைச்சாயத்தைத் தொடவே முடியாமற்போகலாம்.

இன்னொன்று நம் நாட்டுக்கே உரியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து ஜி6பிடி என்னும் சத்துக் குறை உண்டா என்று சோதிக்கிறார்கள். அக்குறை உள்ள பிள்ளைக்கு மருதாணி இட்டால் இரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலையும் சோகையும் காணலாம். பூச்சி உருண்டை வாசமும் அப்படியே. பிள்ளையின் மருத்துவப் புத்தகத்தில் அந்தக் குறிப்பு இருந்தால், பாட்டிமார் ஆசைப்பட்டாலும் அந்தச் சின்னப் பாதங்களுக்கு மருதாணி வேண்டாம்.

சுர்மாவும் அவ்வாறே. இஸ்மிது என்னும் அஞ்சனக்கல்லைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இன்று சந்தையில் சுர்மா என்று விற்கும் எல்லாம் இஸ்மிது அன்று. பல நாடுகளில் சோதித்ததில், ஈயக் கந்தகக் கல்லைப் பொடித்ததே சுர்மா என்ற பெயரில் விற்கப்படுவது தெரியவந்திருக்கிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதில் இவ்வளவு போனால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. சுன்னத்தின் பெயரைச் சொல்லி ஈயத்தை விற்பது சுன்னத்துக்கே இழுக்கு.

நஜீஸ் கலந்ததா?

உதட்டுச் சாயமும் முகக் களிம்பும் எதனால் ஆனவை என்று பார்க்க வேண்டும். கொலாஜன், ஜெலட்டின், கிளிசரின், ஸ்டியரிக் அமிலம் ஆகியவை செடியிலிருந்தும் வரலாம், மாட்டிலிருந்தும் வரலாம், பன்றியிலிருந்தும் வரலாம். பெயரை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. மலேசியாவில் எம்.எஸ். 2634 என்னும் 2019ஆம் ஆண்டின் தரவிதி ஹலால் அழகுப் பொருள்களுக்கென்றே வகுக்கப்பட்டிருக்கிறது. ஜாக்கிம் சான்றிதழும் வழங்குகிறது. ஹலால் என்ற சொல்லை யாரும் அட்டையில் அச்சடிக்கலாம். சான்றிதழ் உண்மையா என்று பார்த்து வாங்குவது வியாபாரியின் வேலை.

முகம் பூசும் தூரிகையையும் மறந்துவிடக் கூடாது. தூரிகை மயிர் எந்தப் பிராணியினுடையது? பன்றி, நாய் ஆகியவற்றின் எந்தப் பகுதியால் செய்த பொருளையும் அவ்வாறே எழுதி, தனியே பிரித்து வைத்து விற்க வேண்டுமென்பது மலேசியாவில் 2013ஆம் ஆண்டு முதல் ஆணை. 2017இல் அப்படி எழுதாமல் விற்ற பன்றிமயிர் வர்ணத் தூரிகைகளை அதிகாரிகள் கடைகடையாய்ப் பறிமுதல் செய்தார்கள். வர்ணத் தூரிகைக்கே அப்படியென்றால், ஈரமாய் முகத்திலும் உதட்டிலும் படும் தூரிகைக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

வெள்ளை முகம் வேண்டுமென்பார்க்கு

இப்போது நெஞ்சைத் தொடும் விஷயத்துக்கு வருகிறோம்.

நம் கடைகளுக்கு ஒரு வாடிக்கைக்காரி வருகிறாள். "பாய், போன தடவை தந்தீங்களே, அந்த வெள்ளைக் களிம்பு இருக்கா?" என்று மெல்லக் கேட்கிறாள். டப்பியில் தயாரித்தவர் பெயரில்லை; ஊரில்லை; என்ன கலந்தது என்ற விவரமில்லை. ஒரு வாரத்தில் முகம் வெளுக்கும் என்று மட்டும் எழுதியிருக்கிறது. தட்டில் வைக்காமல், கல்லாவுக்குக் கீழே பெட்டியில் வைத்திருக்கிறோம். வாங்கிய விலை சொற்பம். விற்கும் விலை பல மடங்கு.

ஒரு வாரத்தில் வெளுப்பாக்கும் அந்த மந்திரம் யாதெனில், பலவேளைகளில் பாதரசம். அது தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும். தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தில் தங்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரு குறி காணப்பட்டது. அந்தப் பதினைவரில் 13 பேர் வெளுப்பாக்கும் களிம்பு பூசியவர்கள்! மலபாரிலிருந்து இங்கு வந்து நம்மோடு தோளுரசி வாணிபம் செய்யும் சகோதரர்களின் ஊர்ப்பக்கம் நடந்தது இது.

பூசுகிறவளோடு அது நிற்பதுமில்லை. துவாலையில், தலையணையில், கன்னத்தில் ஒட்டி, அவள் மடியிலிருக்கும் பிள்ளைக்கும் போகிறது. பூசாத பிள்ளையின் உடலிலும் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஆசியான் நாடுகளின் விதிப்படி அழகுப் பொருளில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது. தராசுக்காரர்களாகிய நமக்குப் புரியும்படி சொன்னால், ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். அதுவும் தெரியாமல் கலந்துவிட்ட சுவடாக இருக்க வேண்டும். 2013இல் உலக நாடுகள் செய்த மினமாட்டா உடன்படிக்கையின்படி, வேண்டுமென்றே பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவும் 2025க்குப் பின் இருக்கக் கூடாதென 2023இல் முடிவாயிற்று. பாதரசம் இல்லாத சில களிம்புகளில் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு ஆகியவை இருக்கும். இவை மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்துகள். டிரெட்டினோயின் கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

ஆனால் சகோதரர்களே, களிம்பை மட்டும் குறை கூறி என்ன பயன்? அந்த வெள்ளை ஆசையை அவள் மனத்தில் விதைத்தது யார்? பெண் பார்க்கப் போன இடத்தில், பிள்ளை கொஞ்சம் நிறம் மட்டுத்தான் என்று முகத்தைச் சுளித்தது நம் வீட்டார் அல்லவா? ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தில், உங்கள் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது தன் அத்தாட்சிகளில் ஒன்று என்று அல்லாஹ் கூறுகிறான். அவன் அத்தாட்சி என்றதை நாம் குறை என்கிறோம். இறுதி ஹஜ்ஜில் பேசிய பெருமானார் (ஸல்) அவர்கள், தக்வாவைக்கொண்டல்லாமல் கறுப்பரைவிடச் சிவப்பருக்கோ, சிவப்பரைவிடக் கறுப்பருக்கோ மேன்மையில்லை என்றார்கள். கஅபாவின் மேல் ஏறி நின்று பாங்கு சொல்லும் பாக்கியத்தைக் கரிய மேனியரான ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். இத்தனையும் அறிந்த நாம், மாநிறமுள்ள மகளை அவள் காதுபடவே இழித்துப் பேசுகிறோம். அவள் கதவைச் சாத்திக்கொண்டு, ஊர் பேர் தெரியாத டப்பியைத் திறக்கிறாள். அந்த டப்பியைத் திறந்தது அவள் கை. திறக்கத் தூண்டியது நம் நாக்கு.

வீட்டைச் சோதித்தவர்

ஹஸ்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள், பச்சை குத்துவோர், புருவ முடி களைவோர், அழகுக்காகப் பல்லை அராவுவோர் மீது சாபமுண்டு என்று எடுத்துரைத்தார்கள். இதைக் கேட்ட உம்மு யஃகூப் என்ற பெண்மணி விடவில்லை. அவர்களிடம் வந்து வாதாடினார். உங்கள் வீட்டாரே இதைச் செய்வதாக நினைக்கிறேன் என்றார். அவர்கள் சினங்கொள்ளவில்லை. போய்ப் பார்த்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாது சென்று பார்த்தார். தாம் நினைத்தது எதையும் அங்கே காணவில்லை. திரும்பி வந்தார். இச்செய்தி புகாரியில் உண்டு.

சகோதரர்களே, உபதேசம் செய்பவர் வீட்டைச் சோதிக்க அக்காலத்தில் ஒரு பெண்மணி துணிந்தார். நம் வீட்டையும் ஒருவர் வந்து சோதித்தால் என்ன காண்பார்? கல்லாவுக்குக் கீழே வைத்து ஊராருக்கு விற்கும் அந்த டப்பி நம் மகளின் அறையில் இருக்குமா? இருக்காது. "அத்தா, கடையில விக்கிற அந்தக் களிம்பை நான் பூசிக்கட்டுமா?" என்று மகள் கேட்டால், "அதைத் தொடாதேம்மா, அது நல்லதில்லை" என்றுதானே பதறுவோம்? அந்தப் பதற்றமே பத்வா. தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவன் பூரண முஃமினாக மாட்டான் என்ற கருத்துடைய நபிமொழி குத்பாவில் கேட்டு மறப்பதற்காகச் சொல்லப்பட்டதன்று. கல்லாவில் அமர்ந்திருக்கும்போது நினைப்பதற்காகச் சொல்லப்பட்டது.

கல்லாவுக்கு முன்னால்

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருநாள் கடைவீதியில் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டார்கள். விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றான் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசம் செய்பவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்றார்கள். நனைந்த தானியத்தை அடியில் வைப்பதே மோசமென்றால், பாதரசத்தை அழகிய டப்பியின் அடியில் வைப்பது என்ன?

ஆகவே வியாபாரப் பெருமக்கள் சில காரியங்களைக் கைக்கொள்ள வேண்டுகிறேன்.

மலேசியாவில் விற்கும் அழகுப் பொருள் ஒவ்வொன்றும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குரிய எண் என்.ஓ.டி. என்று தொடங்கிக் கே என்று முடியும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டிப் பார்த்து, அது இரத்தாகவில்லை என்று கண்டபிறகே சரக்கை எடுங்கள். இரத்தான பொருள்களின் பட்டியலை அவ்வப்போது வெளியிடுகிறார்கள். சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையம் இவ்வேலையைச் செய்கிறது. மலேசியாவின் 1984ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளை மீறினால், தனியாளுக்கு முதற் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நிறுவனத்துக்கு 50,000 ரிங்கிட் வரை. அரசாங்கத்துக்குப் பயந்து விடுவதைவிட அல்லாஹ்வுக்குப் பயந்து விடுவது மேல். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நன்று.

சாயம் வாங்குகிறவரிடம், 48 மணி நேரம் தடவிப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லக் கடைப்பையனுக்குப் பழக்குங்கள். நகப்பூச்சு வாங்கும் முஸ்லிம் பெண்ணுக்கு அகற்றும் மருந்தையும் காட்டச் சொல்லுங்கள். ஒருவர் திறந்து உதட்டில் வைத்துப் பார்த்த சாயத்தையும், கண் மையையும் மூடி மறுபடி விற்காதீர்கள். கண்நோயும் உதட்டுப் புண்ணும் அப்படித்தான் கை மாறுகின்றன. பெயரில்லாப் பெட்டியோடு வரும் தரகரிடம், சீட்டும் எண்ணும் இல்லாமல் சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்தப் பொருளை வைக்காவிட்டால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடுமே என்ற அச்சம் எழும். போகலாம். சில காலம் வரவு குறையவும் கூடும். ஆனால் உண்மையும் நாணயமும் உள்ள வணிகன் நபிமார்களோடும் சித்தீக்கீன்களோடும் ஷுஹதாக்களோடும் இருப்பான் என்ற நன்மாராயம் திர்மிதி கிரந்தத்தில் நம் கூட்டத்தாருக்கென்றே வந்திருக்கிறது. நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் கப்பலேறி இக்கரைக்கு வந்த நம் முன்னோர், ஊரறியாத நாட்டில் கடன் வாங்கிக் கடை வைத்தார்கள். பாய் கடைச் சரக்கு என்றால் கலப்படமில்லை என்று சீனரும் மலாய்க்காரரும் நம்பி வந்தார்கள். அந்த நம்பிக்கைதான் அவர்கள் நமக்கு வைத்துப்போன முதல். அதை ஒரு டப்பிக் களிம்புக்கு விற்கலாமா?

இன்று கடைக்குப் போனதும் கல்லாவுக்குக் கீழே குனிந்து பாருங்கள். எண்ணில்லாத டப்பி இருந்தால் வெளியே எடுங்கள். திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் நட்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் குப்பையில் எறிய வேண்டாம். பாதரசம் மண்ணிலும் நீரிலும் கலந்து மீனுக்கும் மீண்டும் மனிதனுக்கும் வரும். சுகாதார இலாகாவிடம் கேட்டு ஒப்படைத்துவிடுங்கள். இரவு வீட்டுக்குப் போனதும், மகளின் நிறத்தைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்லுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் தொழுகைகளைப் பூரணமாக்குவானாக! நம் பெண்மக்களின் உடலையும் உள்ளத்தையும் காப்பானாக! நம் வாணிபத்தில் ஹலாலான பரக்கத்தை அருள்வானாக! நம்மால் தீங்கடைந்தவர் எவரேனும் இருந்தால், அவர்களுடைய உரிமையை இவ்வுலகிலேயே தீர்க்கும் தௌஃபீக்கை நமக்குத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.